384 மீட்டர் வளைவும் சில மில்லிமீட்டர்களும்

2022 ஜூலை 18 அன்று ஸ்பெயினின் எஸ்த்ரமதூரா பகுதியில், பிளாசென்சியாவுக்கும் பதஹோஸுக்கும் இடையே புதிய ரயில் பாதை ஒன்று திறக்கப்பட்டது. அந்தப் பாதை அல்மோந்தே ஆற்றைக் கடக்கும் இடத்தில் 996 மீட்டர் நீளமுள்ள ஒரு பாலம் இருக்கிறது. அதன் நடுவே, தண்ணீரில் ஒரு தூண்கூட இறங்காமல், 384 மீட்டர் அகலத்தை ஒரே தாவலில் தாண்டி நிற்கிறது ஒரு கான்கிரீட் வளைவு. மணிக்கு 350 கி.மீ. வேகத்துக்காக வடிவமைக்கப்பட்ட இந்தப் பாலத்தின் மேல் முதலில் ஓடியவை டீசலில் இயங்கிய வண்டிகள்; மின்மயமாக்கல் அப்போது முடிந்திருக்கவில்லை. பாலமோ 2016-ஆம் ஆண்டிலேயே கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. ஆறு ஆண்டுகள் ரயில் இல்லாமல் நின்ற பாலம் என்று கேலியாகச் சொல்லிவிடலாம். ஆனால் கான்கிரீட்டின் குணம் தெரிந்தவர்களுக்கு அந்த ஆறு ஆண்டுகள் வேறொரு கணக்கில் வரும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பெரிய பாலம் என்றவுடன் நம் மனம் வலிமையைத்தான் நினைக்கிறது: எத்தனை டன் தாங்கும், உடைந்துவிடாதா என்ற கேள்விகளே முதலில் எழுகின்றன. அதிவேக ரயிலுக்கான கான்கிரீட் வளைவுப் பாலத்தில் வலிமை ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைத்துவிடும் பொருள். தண்டவாளம் எந்த உயரத்தில், எந்தக் கோட்டில் போடப்பட்டதோ, அந்த இடத்தைவிட்டு அது வெயிலிலும் காற்றிலும் பிரேக் பிடிக்கும்போதும், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும், ஏறத்தாழ நகராமல் இருக்க வேண்டும் என்பதே இங்கே உண்மையான கஷ்டம். நானும் கட்டுமானப் பொறியியல் படித்த காலத்தில் இதை உணரவில்லை. தேர்வில் எப்போதும் கேட்கப்பட்டது பாலம் நிற்குமா என்பதுதான். எவ்வளவு அசையும் என்ற கேள்வி வினாத்தாளின் கடைசிப் பக்கத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வரும்.

அந்த இடத்தில் வளைவு ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். அல்மோந்தே ஆறு தாகஸ் ஆற்றில் கலக்கும் பகுதி முழுவதும் அல்காந்தரா அணையின் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. தேக்கத்தின் நீர்ப்பரப்புக்குள் தூண் எழுப்பாமல் கடப்பது என்று முடிவானபின், கரையிலிருந்து கரைக்கு 384 மீட்டர் தாண்ட வேண்டியதாயிற்று. இந்த நீளத்துக்குத் தொங்கு பாலமோ, கேபிள்களில் தாங்கிய பாலமோ சாலைக்கென்றால் தாராளமாகப் பொருந்தும். ஆனால் கேபிள் நீளும், தளம் தொய்யும், 350 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்தத் தொய்வை ஒரு பள்ளமாக உணரும். வளைவு அழுத்தத்தில் வேலை செய்கிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கான்கிரீட்டுக்கு நிகராக மலிவான பொருள் இல்லை. கரைகளில் நல்ல பாறை இருந்தால் வளைவின் தள்ளுவிசையை அதுவே வாங்கிக்கொள்ளும்.

அந்தத் தள்ளுவிசையின் அளவு எத்தகையது என்பதற்கு அதே நாட்டின் இன்னொரு பாலம் நல்ல உதாரணம். மாட்ரிட்–வலென்சியா அதிவேகப் பாதையில் கொந்த்ரேராஸ் நீர்த்தேக்கத்தின் மேல் உள்ள வளைவின் வீச்சு, அதாவது இரு பாதங்களுக்கு இடையேயான தூரம், 261 மீட்டர், பாதத்திலிருந்து உச்சி வரையான உயரம் ஏறத்தாழ 37 மீட்டர். சீராகப் பரவிய எடைக்கு வளைவு பக்கவாட்டில் தரும் தள்ளுவிசையைக் காண, ஒரு மீட்டருக்கான எடையை வீச்சின் வர்க்கத்தால் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், மீட்டருக்கு 1 டன் எடை வைத்தாலே ஒவ்வொரு கரையையும் 230 டன் தள்ளுகிறது. இத்தகைய பாலத்தில் தளமும் ஜல்லியும் வளைவும் சேர்ந்து மீட்டருக்கு இருபது டன்னைச் சுலபமாகத் தாண்டிவிடும். வளைவைத் தட்டையாக்க ஆசைப்படும் எவரும் இந்தப் பெருக்கலை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது.

இவ்வளவு எடை ஒரு சுமையாகத் தோன்றினாலும், ரயிலைப் பொறுத்தவரை அது ஒரு கொடை. தொங்கும் சங்கிலியைத் தலைகீழாகத் திருப்பினால் வளைவின் சரியான வடிவம் கிடைக்கும் என்பதை ராபர்ட் ஹூக் 1675-இலேயே ஓர் எழுத்துப் புதிராகச் சொல்லிவிட்டார். ஆனால் சங்கிலியில் ஒரு பக்கத்தை மட்டும் இழுத்தால் அதன் வடிவம் மாறிவிடுவதைப்போல, வளைவின் ஒரு பாதியில் மட்டும் சுமை ஏறினால், ஏறிய பக்கம் தாழ்ந்து மறுபக்கம் எழும்ப முனைகிறது. அதிவேக ரயில்கள் பலவற்றின் நீளம் 200 மீட்டர். 384 மீட்டர் வளைவின் மேல் அது வரும்போது, ஒரு கணத்தில் சரியாகப் பாதி வளைவு நிரம்பியும் மறுபாதி காலியாகவும் இருக்கும். வளைவுக்கு மிகவும் பிடிக்காத நிலையை ஒவ்வொரு வண்டியும் தவறாமல் உண்டாக்கிவிட்டுப் போகிறது. உண்மையான பயணிகள் வண்டியின் எடை மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு டன்தான் இருக்கும். ஐரோப்பிய விதிகள் ஒரு பாதைக்கு மீட்டருக்கு 80 கிலோநியூட்டன், அதாவது சுமார் எட்டு டன் என்று வைத்து, அதோடு நான்கு கனமான அச்சுச் சுமைகளையும் சேர்த்து வடிவமைக்கச் சொல்கின்றன. பாலத்தின் சொந்த எடை இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் வளைவுக்குள் அழுத்தம் பாயும் பாதையான அழுத்தக் கோடு நடுவைவிட்டு அதிகம் விலகுவதில்லை. இரும்பு வளைவில் இந்தச் சாதகம் குறைவு. சீனாப் ஆற்றின் மேல் 467 மீட்டர் வீச்சுள்ள நம் எஃகு வளைவை ஒப்பிட்டுக் கேட்பவர்கள், அதன் வடிவமைப்பு வேகம் மணிக்கு 100 கி.மீ. என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே தீர்க்க வேண்டிய பிரச்சினைகளே வேறு.

வேகம் தரும் தொல்லைகளில் முதலாவது ஒத்ததிர்வு. மணிக்கு 350 கி.மீ. என்பது நொடிக்கு 97 மீட்டர். பெட்டிகள் 25 மீட்டர் இடைவெளியில் ஒரே மாதிரி அமைந்திருந்தால், பாலத்தின் ஒரு புள்ளியில் நொடிக்கு ஏறத்தாழ நான்கு தட்டுகள் ஒரே தாளத்தில் விழும். அந்தப் புள்ளியில் உள்ள தளத்தின் இயல்பான அதிர்வும் நொடிக்கு நான்காக இருந்துவிட்டால், ஒவ்வொரு தட்டும் முந்தையதோடு சேர்ந்து வளரும். பிரான்சில் முதல் அதிவேகப் பாதை வந்தபின் சில சிறிய பாலங்களில் ஜல்லி நிலைகுலைந்ததைப் பார்த்துத்தான் இது பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தளத்தின் செங்குத்து முடுக்கம் புவியீர்ப்பின் பத்தில் ஏழு பங்கை நெருங்கும்போது ஜல்லிக்கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் தன்மையை இழக்கின்றன என்று சோதனைகளில் தெரிந்தது. அதில் பாதியை, அதாவது நொடிக்கு நொடி 3.5 மீட்டரை, ஜல்லிப் பாதைக்கான எல்லையாக ஐரோப்பிய விதி வைத்தது. ஜல்லி இல்லாத கான்கிரீட் பாதைக்கு அது 5 மீட்டர். பெரிய வளைவு மிகக் கனமானது, மிக மெதுவாக ஆடுவது என்பதால் இந்தத் தாளத்தில் எளிதில் சிக்குவதில்லை. கவலை முக்கியமாக அதன் மேல் தூண்களுக்கு இடையே உள்ள சிறிய வீச்சுகளைப் பற்றியது.

அடுத்தது பிரேக். 996 மீட்டர் தளம் ஒரே தொடர்ச்சியான பெட்டி வடிவ முன்தகைவுக் கான்கிரீட் (உள்ளே எஃகு வடங்களை இழுத்து இறுக்கிய கான்கிரீட்) விட்டம். இரண்டு பாதைகளும் அதன் 14 மீட்டர் அகலத்தில் போகின்றன. ஒரு வண்டி அவசரமாக பிரேக் பிடிக்க, எதிர்ப்பாதையில் இன்னொன்று வேகமெடுத்தால், விதிப்படி 6,000 கிலோநியூட்டனும் 1,000 கிலோநியூட்டனும் ஒரே திசையில் தளத்தை இழுக்கும். ஏறத்தாழ 700 டன் விசை இது. அதை உயரமான மெலிந்த தூண்களிடம் ஒப்படைத்தால் அவை சாய்ந்து கொடுக்கும். தளம் சில சென்டிமீட்டர் ஓடும். இடைவெளியே இல்லாமல் பற்றவைத்த தண்டவாளம் அந்த ஓட்டத்தைத் தன் உடம்பில் தாங்கிக்கொள்ள வேண்டிவரும். வளைவுப் பாலத்தில் இதற்கு அழகான தீர்வு இருக்கிறது: வளைவின் உச்சியில் தளமும் வளைவும் ஒன்றாகிவிடுகின்றன. பிரேக் விசை அங்கே வளைவுக்குள் புகுந்து, பாதங்கள் வழியாகப் பாறைக்குப் போய்விடுகிறது.

உச்சியில் பிடித்துவிட்டதால் தளம் அங்கிருந்து இரு பக்கமும் சுதந்திரமாக நீளவும் சுருங்கவும் முடியும். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 500 மீட்டர் கான்கிரீட். வெப்பநிலை 30 பாகை மாறினால் அது 150 மில்லிமீட்டர் நகரும். அதைத் தண்டவாளத்தின் விரிவு இணைப்புகள் வாங்கிக்கொள்ள வேண்டும். இவ்வகை இணைப்பே இல்லாத இடங்களில் பிரேக்கின்போது தளத்தின் முனை நகர ஐரோப்பிய விதி அனுமதிப்பது வெறும் 5 மில்லிமீட்டர் என்பதைச் சொன்னால், இந்தத் துறையில் எந்த அளவுகோலில் சிந்திக்கிறார்கள் என்பது புரியும். வளைவும் சும்மா இருப்பதில்லை: கோடையில் அது நீளும்போது கரைகள் விலக மறுப்பதால் உச்சி சில சென்டிமீட்டர் எழும்புகிறது, குளிரில் தாழ்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு நூற்றுக்கணக்கான மீட்டரில் மெல்லப் பரவியிருப்பதால் வண்டிக்குத் தெரிவதில்லை. அதே அளவு ஏற்றத்தாழ்வு பத்து மீட்டருக்குள் நிகழ்ந்தால் பாதையை மூடிவிட வேண்டியதுதான்.

அல்மோந்தேவின் வடிவம் என்னை நீண்ட நேரம் படம் பார்க்க வைத்தது. அரேனாஸ், இடோம் ஆகிய ஸ்பானிய வடிவமைப்பு நிறுவனங்களின் பொறியாளர்கள் வளைவின் நடுப்பகுதி 210 மீட்டரை ஒற்றை எண்கோணப் பெட்டியாக வைத்துவிட்டு, இரு முனைகளிலும் சுமார் 87 மீட்டர் தூரத்துக்கு அதை இரண்டு கால்களாகப் பிரித்துவிட்டார்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஒருவன் காலை அகட்டி நிற்பது போலிருக்கும். 14 மீட்டர் அகலத் தளத்தைத் தாங்கும் வளைவு பக்கவாட்டில் மெலிந்தது; குறுக்கே வீசும் காற்றுக்கு எதிராக அது நிற்க வேண்டுமானால் அடியில் அகலம் வேண்டும். எல்லா இடத்திலும் அகலமாக்கினால் எடை கூடும். கால் அகட்டுவதால் வேண்டிய இடத்தில் மட்டும் அகலம் கிடைக்கிறது; மூலைகள் வெட்டப்பட்ட எண்கோணம் காற்றையும் சற்று இலகுவாக வழியனுப்புகிறது. காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளை வைத்துச் சோதித்தபோது, முடிந்த பாலத்தோடு பாதி கட்டிய நிலையையும் சோதித்திருக்கிறார்கள். அது ஏன் என்பதற்கு, கட்டும் முறையைப் பார்க்க வேண்டும்.

வளைவு என்பது முடியும் வரை வளைவே இல்லை. கடைசித் துண்டு உச்சியில் சேரும் அந்த நாள் வரை, அது இரண்டு கரைகளிலிருந்தும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைகள்தான். அழுத்தத்தில் வாழப் பிறந்தவை வளைந்து முறியும் அபாயத்தில் நிற்கின்றன. முன்காலத்தில் இதற்குச் சாரம் கட்டிச் சமாளித்தார்கள். 1914-இல் முடிந்த சுவிட்சர்லாந்தின் லாங்வீஸ் ரயில் பாலத்தின் 100 மீட்டர் வளைவுக்கு ரிச்சர்ட் கோரே எழுப்பிய மரச் சாரமே ஒரு தனிப் பாலம்போல் இருந்தது. ஸ்பெயினிலேயே, எஸ்லா ஆற்றின் மேல் 1942-இல் முடிந்த 210 மீட்டர் ரயில் வளைவுக்கு மரச் சாரம் சாத்தியமில்லாமல் போனபோது, பொறியாளர் எதுவார்தோ தொரோஹா எஃகுச் சட்டகத்தை முதலில் நிறுத்தி, அதையே கான்கிரீட்டைத் தாங்கும் சாரமாகவும் உள்கம்பியாகவும் வைத்து, சுற்றிலும் கான்கிரீட் போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பொறியாளர் யோசஃப் மெலான் முன்வைத்த முறை அது.

அல்மோந்தேவில் தேர்ந்தெடுத்தது வேறு முறை. இரு கரைகளிலும் வளைவின் பாதத்தருகே எழும் தூணையும் அதன் மேல் நிறுத்திய தற்காலிக எஃகுக் கோபுரத்தையும் கம்பமாக வைத்து, வளைவின் ஒவ்வொரு துண்டையும் எஃகு வடங்களால் பின்னால் இழுத்துக் கட்டினார்கள். அந்த வடங்களின் மறுமுனை பின்பக்க அடித்தளங்களில் நங்கூரமிடப்பட்டது. கான்கிரீட்டை ஊற்றும் அச்சைச் சுமந்து நகரும் அச்சுச் சட்டகம் முன்னே போய் ஒரு துண்டை வார்க்கும். அது இறுகியதும் வடம் கட்டி, சட்டகம் அடுத்த இடத்துக்கு நகரும். கான்கிரீட்டின் வலிமை 80 மெகாபாஸ்கல் வகை; அதுவும் தானாகவே பாய்ந்து நிரம்பும் கலவை. வலிமை கூடினால் சுவர் மெலியும், சுவர் மெலிந்தால் நீட்டிய கையின் எடை குறையும். சாய்வான எண்கோணப் பெட்டிக்குள் நெருக்கமாகக் கட்டிய கம்பிகளுக்கு இடையில் வைப்ரேட்டரை நுழைப்பது கடினம் என்பதால், பாய்ந்து நிரம்பும் குணம் வசதியைவிட அவசியமாகவே இருந்திருக்கும்.

இந்த வேலையின் உயிர்நாடி அளவெடுப்பவர்களிடம் இருக்கிறது. புதிய துண்டு சேரும்போதெல்லாம் பழைய துண்டுகள் அனைத்தும் தாழ்கின்றன. வடத்தை இறுக்கினால் எழும்புகின்றன. அச்சுச் சட்டகம் நகர்ந்தால் மறுபடியும் மாறுகின்றன. ஆகவே எந்தத் துண்டையும் அது கடைசியில் இருக்க வேண்டிய இடத்தில் வார்க்க முடியாது. இனி வரப்போகும் எல்லா நகர்வுகளையும் கழித்துக் கிடைக்கும் ஒரு ‘தவறான’ இடத்தில் வார்க்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் அது தானாகச் சரியான இடத்துக்கு வந்து சேரும். வெயில் ஏறியதும் வடங்கள் நீண்டு, கான்கிரீட்டின் ஒரு பக்கம் மட்டும் சூடாகி, கை முழுவதும் கோணிக்கொள்வதால், இத்தகைய பாலங்களில் நம்பத்தகுந்த அளவைக் கதிரவன் எழுமுன்பே எடுத்துவிடுவார்கள். எஸ்த்ரமதூராவின் கோடையில் 40 பாகை சாதாரணம். 192 மீட்டர் நீட்டிய இரண்டு கைகள் நடுவானில் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும் என்பதை நினைத்துக்கொண்டு அந்த விடியற்காலை அளவுகளை நினைத்துப் பார்த்தால், வடிவமைப்பாளரைவிட, கோணங்களை அளக்கும் தியோடலைட் கருவிக்குப் பின்னால் நின்றவர் மீதே எனக்கு மரியாதை கூடுகிறது.

உச்சி சேர்ந்ததும் வேலை முடிவதில்லை. வடங்களை ஒழுங்கான வரிசையில் தளர்த்தித் தளர்த்தி, எடையை வளைவுக்குக் கைமாற்ற வேண்டும். அப்போதுதான் வளைவு முதல் முறையாக வளைவாகிறது. பிறகு தூண்கள் எழுகின்றன. தளத்தை வார்ப்பதிலும் இரு பக்கமும் சமநிலை காக்க வேண்டும், ஏனென்றால் பாதி வளைவின் மேல் சுமை என்ற பழைய பகை அங்கேயும் காத்திருக்கிறது.

சீனர்கள் அதே 2016-இல் தொரோஹாவின் வழியை இன்னும் பெரிய அளவில் கையாண்டார்கள். குய்சோ மாகாணத்தில், ஷாங்காய்–குன்மிங் அதிவேகப் பாதையின் பெய்பான்ஜியாங் பாலம் 445 மீட்டர் வீச்சு கொண்டது. எஃகுக் குழாய்களால் ஆன சட்டகத்தைப் பள்ளத்தாக்கின் குறுக்கே கேபிள் கிரேனால் தூக்கிச் சேர்த்து, குழாய்களுக்குள் கான்கிரீட் ஏற்றி, பிறகு சுற்றிலும் கட்டம் கட்டமாகக் கான்கிரீட் போர்த்தினார்கள். வளைவு இதில் முதல் நாளிலிருந்தே வளைவாக இருக்கிறது என்பது பெரிய நிம்மதி. ஆனால் பாதத்தருகே கான்கிரீட் போட்டால் உச்சி எழும்பும், உச்சியில் போட்டால் பக்கங்கள் எழும்பும் என்பதால், எங்கே எப்போது ஊற்றுவது என்ற வரிசையே அங்கு வடிவமைப்பாகிவிடுகிறது. (பெய்பான்ஜியாங் என்ற பெயரில் அந்த ஆற்றின் மேல் பல பாலங்கள் உண்டு, 2001-இல் வந்த 236 மீட்டர் ரயில் வளைவையும் இதையும் குழப்பிக்கொள்ளாத இணையக் கட்டுரை அரிது.) ஆழமான பள்ளத்தாக்கும் எஃகுக் குழாய் வேலையில் நீண்ட பழக்கமும் உள்ள இடத்தில் இது பொருத்தமான முறை. எனினும் இரண்டில் எது அழகு என்று கேட்டால், நான் அல்மோந்தேவின் பக்கம்.

இனி அந்த ஆறு ஆண்டுகளுக்கு வருகிறேன். பிரெஞ்சுப் பொறியாளர் யூஜீன் ஃப்ரெய்ஸினே 1910-களின் தொடக்கத்தில் அலியே ஆற்றின் மேல் லெ வூர்த்ர் என்னுமிடத்தில் மிகத் தட்டையான மூன்று கான்கிரீட் வளைவுகளைக் கட்டினார். பாலம் திறந்து சில மாதங்களில், சுமை கூடாமலேயே, வளைவுகள் மெல்லத் தாழ்ந்துகொண்டிருப்பதைக் கண்டார். கான்கிரீட் இறுகியபின் கல்லைப்போல நிலையாக இருக்கும் என்று நம்பிய காலம் அது. அவர் உச்சிகளில் ஜாக்கிகளை வைத்து வளைவுகளைத் தூக்கி, இடைவெளியைக் கான்கிரீட்டால் நிரப்பிப் பாலத்தைக் காப்பாற்றினார். நீடித்த அழுத்தத்தில் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து குறுகுகிறது என்பதை அந்தப் பாலம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது. இன்று ‘கிரீப்’ என்று ஒவ்வொரு பாட நூலிலும் இருப்பது அதுதான்.

வளைவில் எல்லாமே நீடித்த அழுத்தம் என்பதால், உச்சி பல ஆண்டுகளுக்குத் தாழ்ந்துகொண்டேயிருக்கும்; தொடக்கத்தில் வேகமாக, பிறகு மிக மெதுவாக. கட்டும்போதே பாலத்தைச் சற்று உயர்த்தி வைப்பது இதற்காகவும்தான். ஜல்லிப் பாதையில் இயந்திரத்தால் ஜல்லியைத் தட்டி அடைத்துச் சில சென்டிமீட்டர் சரிசெய்துவிடலாம். கான்கிரீட் பலகைமேல் போட்ட பாதையில் பிடிமானங்களுக்கு அடியில் தகடு செருகும் அளவுக்கு மட்டுமே இடம் இருக்கும். ஜெர்மனியில் நியூரம்பெர்க்–எர்ஃபுர்ட் பாதையில் ஃப்ரோஷ்குருண்ட்சே, க்ரும்பென் என்னும் இரண்டு 270 மீட்டர் கான்கிரீட் வளைவுகள் அத்தகைய பலகைப் பாதையைச் சுமக்கின்றன. அவையும் கட்டி முடிந்தபின் பல ஆண்டுகள் காத்திருந்து, 2017 டிசம்பரில்தான் 300 கி.மீ. வேக வண்டிகளைக் கண்டன. பணமும் அரசியலும் உண்டாக்கிய தாமதம். யாரும் பாலத்தின் நலனுக்காகத் திட்டமிட்டதில்லை. ஆனாலும் தண்டவாளம் போடும் நாளன்று அந்த வளைவுகள் தங்கள் தாழ்வில் பெரும்பகுதியை ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தன. அல்மோந்தேவின் மேல் முதல் டீசல் வண்டி ஓடியபோதும், அதன் உச்சி ஆறு கோடைகளும் ஆறு குளிர்களும் கண்டு, தனக்குரிய உயரத்துக்குப் பெரும்பாலும் இறங்கி உட்கார்ந்திருந்தது.